ஆம்பளை யாராவது வந்து பேசட்டும்

14-6-54, திங்கள்

விடியலிலிருந்தே தூறல். பெங்களூர் கலாசிபாளையத்தில் ஓசூர் பஸ் நிற்கிற இடம் முழுக்கச் சேறு. எல்லையில், ஜூஜூவாடியில் வழக்கம்போல மதுவிலக்குப் போலீஸ் ஏறினான். என் பையைக் குடைந்து நூல்கண்டை எடுத்து முகர்ந்து பார்த்தான். தையல் டீச்சர் நூல்கண்டிலா சாராயம் கடத்துவாள்? மடையன்.

மணி அடித்த பிறகுதான் ஓசூர் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தேன். ஹெட்மிஸ்ட்ரஸ் கடிகாரத்தைப் பார்த்தாள்.

அல்சூரில், கூட வேலை பார்க்கிற லில்லி டீச்சரின் தங்கை வீட்டில் இந்த மாசம் வரைதான். நல்ல மனுஷர்கள், ஆனால் அவர்களுக்கே இடம் போதவில்லை. என் மகள் சரோஜா சமையலறை மூலையில் படுக்கிறாள். அதற்குள் பெங்களூரில் வீடு அமையாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு மறுபடி ஓசூர். ஓசூர் திரும்பினால் தை மாசம் அவளுக்கும் வேப்பனப்பள்ளியில் இருக்கிற என் தம்பி முனிராஜுக்கும் கல்யாணம். ஊரே பேசி முடித்தாயிற்று. மளிகைக் கடைக்காரர்கூட அவளை 'வேப்பனப்பள்ளிக்காரி' என்றுதான் கூப்பிடுகிறார். பதினாலு வயசு. அந்தப் பேச்சுக்குத் தப்பித்தான் இங்கே கூட்டிவந்து, இப்போதுதான் ஹைஸ்கூலில் சேர்த்திருக்கிறேன்.

17-6, வியாழன்

இதுவரை பார்த்தவை:

பசவனகுடி. சுத்தமான தெரு, மர நிழல். முதல் கேள்வியே 'யாவ ஜன?' ஜாதியைக் கேட்கிறார்கள். சொன்னேன். கதவு சாத்தியாயிற்று.

கலாசிபாளையம். பஸ்ஸை விட்டு இறங்கினால் வீடு. கீழே லாரிக்காரர்கள் தங்குகிற இடம். வயசுப் பெண்ணை வைத்துக்கொண்டு? வேண்டவே வேண்டாம்.

வில்சன் கார்டன். ஓசூர் ரோட்டை ஒட்டியே. வீட்டுக்கார அம்மாள்: "காலையில போய் இருட்டினப்புறம் வர்ற பொம்பளைக்கு வாடகைக்கு விடறதில்ல." நல்லா இருக்கட்டும் மகராசி.

சரோஜா கேட்கிறாள்: "ஸ்கூல் விட்டு வந்தா நீ வர்ற வரைக்கும் நான் யார்கூடம்மா இருப்பேன்?" இனிமேல் பக்கத்து வீட்டில் யார் என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டையே பார்ப்பது.

20-6, ஞாயிறு

மாவள்ளி, லால்பாக் பக்கம். ஒரே முற்றத்தைச் சுற்றி நாலைந்து குடித்தனம். எங்களுக்கு ஒற்றை அறை. புகை போக வழியில்லை. குழாயடியில் சண்டை. ஆனால் பக்கத்து அறையில் கௌரம்மா, பூக் கட்டுகிறவள், நாள் முழுக்க வாசலிலேயே. "மகு எங்கிட்ட இருக்கட்டும், நீ நிம்மதியா ஹோகி பா" என்றாள். கன்னடம் பாதி, தமிழ் பாதி; மகு என்றால் குழந்தை, ஹோகி பா என்றால் போய் வா. முன்பின் தெரியாதவள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்காரர் வயசானவர். "உங்க யஜமானர்?" என்று புருஷனைக் கேட்டார். கோலார் சுரங்கத்தில் என்றேன். எட்டு வருஷமாக அங்கேயே வேறு குடும்பம் என்று சொல்லவில்லை. முகத்திலேயே தெரிந்திருக்கும்.

"கோவிச்சுக்காதேம்மா. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நான் யார்கிட்ட போய்ப் பேசறது? உன் பக்கத்து ஆம்பளை யாராவது வந்து பேசட்டும், சாவி தரேன்."

என் பக்கத்து ஆம்பளை. இருப்பது ஒருத்தன்தான். முனி.

22-6, செவ்வாய்

வகுப்பில் கவனமில்லை. விரலில் ஊசி.

எந்த முகத்தோடு கேட்பது? அந்த ஆள் எங்களை விட்டுப் போனதிலிருந்து அறுவடைக்கு அறுவடை ராகி மூட்டை கொண்டுவந்து போட்டவன். சரோஜா பெரியவளானபோது பச்சை ஓலைக் குடிசை கட்டினவன், சீர் செய்தவன். அவனைக் கூப்பிட்டு, உனக்குப் பெண் இல்லை, அதற்கு நீயே வந்து வீடு பேசிக் கொடு என்பதா? தூ, என்ன பிழைப்பு.

வேறு வழி? வேப்பனப்பள்ளி போகிறவரிடம் சொல்லி அனுப்பினேன்: ஞாயிற்றுக்கிழமை காலை கலாசிபாளையம் வரச் சொல்லுங்கள். எதற்கென்று சொல்லவில்லை.

27-6, ஞாயிறு

வந்தான். சலவை வேட்டி. கூடை நிறைய மாம்பழம். நாள் குறிக்கத்தான் கூப்பிட்டேன் என்று நினைத்திருக்கிறான். பாவி நான்.

டீக்கடையில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். டீ ஆறி ஏடு படிந்துவிட்டது.

"அதுக்கு என்னப் புடிக்கலியாக்கா?"

"படிக்கணும்கறாடா."

"நீ?"

"நானும்தான்."

ஏட்டை ஒதுக்கிவிட்டு ஆறின டீயைக் குடித்தான். அப்புறம், "எழுந்திரு, போலாம். வீட்டுக்காரரு எங்கனா வெளிய போயிடப் போறாரு" என்றான்.

காலையிலேயே சரோஜாவை மாவள்ளியில் கௌரம்மாவிடம் விட்டிருந்தேன். அங்கே வீட்டுக்காரப் பெரியவர் முன்னால் நின்று, "இது எங்கக்கா. எதுன்னாலும் வேப்பனப்பள்ளி முனிராஜுன்னு ஆள் அனுப்புங்க, அன்னிக்கே வரன்" என்றான். அந்த மனுஷர் அதோடு விட்டாரா?

"அப்போ நீ தாய்மாமன். லட்சணமா முறைப்பொண்ணு. நீ கட்டிக்கலையாப்பா?"

கௌரம்மா பூக் கட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். சரோஜா என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டாள்.

"அது படிக்கட்டுங்க. எனக்கு வேற எடத்துல பொண்ணு பாத்தாச்சு."

சிரித்தபடிதான் சொன்னான். சாவியை வாங்கி என்னிடம் கொடுத்தான். சாப்பிட்டுப் போடா என்றேன். மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆளில்லை என்று மத்தியான பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டான்.

28-6, திங்கள்

மாவள்ளியிலிருந்து முதல் நாள். வெறித்த வானம். நேரத்துக்குப் பள்ளிக்கூடம். வீடு அமைஞ்சுதா என்று லில்லி கேட்டாள். அமைஞ்சுது.

முனிக்கு எந்த இடத்திலும் பெண் பார்க்கவில்லை. யார் பார்த்திருப்பார்கள்? அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. அவனுக்குப் பெண் பார்க்க இருக்கிறவள் நான் ஒருத்திதான்.