அனிற்றா சொன்னது

2024 மார்ச் 4, திங்கள்

அனிற்றா வந்து ஒரு வாரம். குவைத்தில் இருக்கும் என் தங்கச்சியின் பிள்ளை, எட்டு வயது. இவ்வளவு நாளும் ஸ்ரான்லி அண்ணன் வீட்டில் வளர்ந்தாள். பள்ளிக்கூடம் விட்ட பிறகும் வீட்டுக்குப் போகமாட்டேன் என்று வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தாளாம். டீச்சர் மேலே அறிவித்து, கோர்ட்டு வரை போய், பிள்ளை என் பொறுப்புக்கு வந்துவிட்டாள். "ஏதாவது நடந்திருக்கலாம், இன்னும் தெரியாது" என்று மட்டும் சொன்னார் சிறுவர் நன்னடத்தை அலுவலர் மைமூனா மிஸ்.

பாயை நனைக்கிறாள். உடுப்புக்கு மேல் உடுப்புப் போட்டுக்கொண்டு தூங்குகிறாள். என் வீட்டுக்காரர் செபஸ்ரியன் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்கிறாள். பாவம், அந்த மனுஷன் சொந்த வீட்டுக்குள் இருமிவிட்டுத்தான் நுழைகிறார்.

மார்ச் 8, வெள்ளி

எட்டியாந்தோட்டையில் வளர்ப்புப் பெற்றோருக்கு வகுப்பு. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வருஷக்கணக்காக வேலைக்குப் போகும் ஊராரின் பிள்ளைகளைப் பார்க்கிறவள் நான். எனக்கு இவர்கள் என்ன சொல்லித் தருவது என்ற திமிரோடுதான் போனேன்.

"துருவித் துருவிக் கேக்காதீங்க. அவளா சொன்னா நம்புங்க. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு மட்டும் சத்தியம் பண்ணிராதீங்க," என்றார் மைமூனா மிஸ்.

தலையாட்டிவிட்டு வந்தேன்.

மார்ச் 12, செவ்வாய்

நான் ஒரு முட்டாள்.

பிள்ளை எதையோ கண்டு பயந்திருக்கிறாள், மந்திரித்தால் சரியாகும் என்று, மாதா கோயில் ஃபாதருக்குத் தெரியாமல் பூசாரி ஏழுமலையிடம் கூட்டிப்போனேன். நல்ல மனுஷர். நெற்றியில் திருநீறு போடக் குனிந்தார் – பிள்ளை கல்லாகிவிட்டாள். அழவில்லை, கத்தவில்லை. நின்ற இடத்திலேயே கவுன் நனைந்தது.

"ஒண்ணும் இல்லடி, அசையாம நில்லு" என்று அவள் தோளைப் பிடித்து வைத்திருந்தது யார்? நான். நான்தான்.

மார்ச் 13, புதன்

"இனிமே நீ வேணாம்னு சொன்னா இந்த வீட்டுல யாரும் ஒன்ன தொட மாட்டாங்க. நானுந்தான்," என்றேன்.

மார்ச் 30, சனி

சொல்லிவிட்டாள்.

அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தோம். நான் கேட்கவே இல்லை. தலை நிமிராமல், முழுக்கச் சிங்களத்தில் சொன்னாள். படிப்பது சிங்களப் பள்ளிக்கூடம்தான், ஆனால் என்னோடு ஒருநாளும் அவள் சிங்களம் பேசியதில்லை. அதெல்லாம் அவளுக்குத் தமிழில் நடந்ததாலா?

அவள் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். யார் என்பதை மட்டும் – ஸ்ரான்லி அண்ணன். அப்பா செத்த பிறகு என்னைப் படிக்கவைத்த அண்ணன். கூட நின்று கலியாணம் செய்துவைத்த அண்ணன். ஐயோ ஆண்டவரே, பொய்யா இருக்கக் கூடாதா?

"ஒன் மேல ஒரு தப்பும் இல்ல கண்ணு," என்றேன். அதையே சிங்களத்திலும் சொன்னேன்.

"யாருகிட்டயும் சொல்லாதீங்க பெரியம்மா."

"மைமூனா மிஸ்கிட்ட சொல்லித்தான் ஆகணும்."

முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஏப்ரல் 1, திங்கள்

மைமூனா மிஸ்ஸின் நம்பரை எடுத்து, போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். "போடு," என்றார் செபஸ்ரியன். போட்டேன்.

ஏப்ரல் 19, வெள்ளி

அண்ணன் ரிமாண்டில். அண்ணி எங்கள் லயத்து வீட்டு வாசலில் மண்ணை அள்ளித் தூற்றிவிட்டுப் போனாள். கோயிலில் என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை.

அண்ணனை நினைத்தால் அழுகைதான் வருகிறது. வெறுக்க முடியவில்லை. அதுதான் என்னைக் கொல்கிறது. பிள்ளைக்குத் தெரியாமல் அழுகிறேன்.

மே 12, ஞாயிறு

தங்கச்சி குவைத்திலிருந்து போன் எடுத்தாள். "அண்ணன் அப்பிடி செய்வாராக்கா? சின்னப் புள்ள பேச்ச கேட்டு ஜெயில்ல போட்டுட்டீங்களே. அப்பிடின்னா அவ ஏன் பெத்த தாய்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அனிற்றா பின்னால் நின்றதைக் கவனிக்கவில்லை.

"சொன்னேனே அம்மா," என்றாள். "நீங்க போனை மாமாகிட்ட குடுக்கச் சொன்னீங்க."

"ஞாபகம் இருக்குக்கா," என்றாள் தங்கச்சி. பிறகு அழத் தொடங்கினாள். அப்படி ஒரு அழுகையை நான் கேட்டதில்லை.

அனிற்றா என் காதருகே வந்தாள். "அம்மா அழுறாங்க பெரியம்மா. நான் சொன்னது பொய்னு சொல்லிரவா?"

"வேணாம் கண்ணு. அம்மா அழட்டும்."

போனை வைக்கவில்லை. தங்கச்சி அழுது முடிக்கும் வரை இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.