கப்பெயின் தோளில் ஒரு வாஷர்

13 பிப்ரவரி 2025, வியாழன்

ஐம்பத்திரண்டு வயதில் இன்று ஒரு பள்ளிக்கூட மேசைக்கு அடியில் நாலு காலில் நின்றேன். உஷா மிஸ் கதவைத் திறந்து, "டென்சில் சார், அங்க என்ன பண்றீங்க?" என்றார். "கண்ணாடி விழுந்துடுச்சு மிஸ், தேடறேன்" என்றேன். கண்ணாடி என் மூக்கின் மேல் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். அவர் பார்ப்பதை நான் பார்த்தேன். இருவரும் நாகரிகமானவர்கள், அத்தோடு விட்டுவிட்டோம்.

முதலிலிருந்து எழுதுகிறேன். லீனாவும் அவள் வகுப்பு தருண், சுப்ரியாவும் சேர்ந்து ஒரு ரோபோ செய்திருக்கிறார்கள். பச்சைப் பெயின்ட், ஒரே ஒரு கை. பந்தைத் தூக்கிக் கூடையில் போடும். போகிற வழியில் தத்தித் தத்திப் போவதால் பெயர் கப்பெ, கன்னடத்துத் தவளை. என் மகள் லீனாதான் கேப்டன். தருண் புரோகிராம், சுப்ரியா வயரிங். அடுத்த சனிக்கிழமை போட்டி. முதல் பரிசு ஒரு முழு ரோபோ கிட். ஆனால் அதை இவர்கள் வைத்துக்கொள்ளப் போவதில்லை. ஜீவனஹள்ளியில் ஒரு சின்ன அரசுப் பள்ளிக்குச் சனிக்கிழமைதோறும் கப்பெயைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாடம் எடுக்கிறார்கள். ஜெயித்தால் கிட் உங்களுக்குத்தான் என்று லீனா அங்கே கரும்பலகை மூலையில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். நாலாம் வகுப்புப் பாஞ்சாலி என்ற பெண் அந்த மூலையை யாரையும் அழிக்க விடுவதில்லையாம்.

போட்டி விதிப்படி பெரியவர்கள் ரோபோவைத் தொடக்கூடாது. பிள்ளைகள் விதியைவிட ஒரு படி மேலே. லாபுக்குள் நுழைகிற எந்தப் பெரியவர் கையிலும் விளிம்புவரை தண்ணீர் ஊற்றிய இரண்டு ஸ்டீல் டம்ளர்களைக் கொடுத்துவிடுவார்கள். வலக்கையில் ஒன்று, இடக்கையில் ஒன்று. எதையும் தொட வழியில்லை. போன வாரம் தருணின் அப்பா சந்திரசேகரனுக்கு மூக்கு அரித்தது. மனிதர் பட்ட பாடு! கடைசியில் தோள்பட்டையில் மூக்கைத் தேய்க்க, மீசைக்குப் போட்ட டை வெள்ளைச் சட்டையில் இறங்கிவிட்டது. அந்த மீசை சுத்த சுயம்பு என்று பேரண்ட்ஸ் குரூப் முழுக்க நம்பிக்கொண்டிருந்தது.

இன்று என் முறை. இரண்டு டம்ளரோடு நிற்கிறேன். கப்பெ கையைத் தூக்குகிறது. டக்... டக்... டக்.

இருபத்தாறு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். பத்தாவது மாடியில் தேய்கிற பேரிங்கைக் கீழே வாட்ச்மேன் ஸ்டூலில் உட்கார்ந்து காதாலேயே கண்டுபிடித்தவன். "தோள்ல ஷாஃப்ட் ஆடுது, கேக்கலியா?" என்றேன்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலியே அங்கிள்" என்றான் தருண்.

"டாடி, தண்ணி சிந்தாம நில்லு" என்றாள் லீனா.

சாப்பாட்டு மணி அடித்தது. உஷா மிஸ் எல்லாரையும் வெளியே விரட்டி ஒவ்வொரு சுவிட்சாக அணைத்தார். அவர் அணைக்காமல் விட்ட சுவிட்ச் இந்த பெங்களூரில் கிடையாது. பையை மறந்துவிட்டேன் என்று சொல்லி நான் திரும்ப உள்ளே போனேன். பையில் வேலைக்கால நீல நைலான் தகடு ஒரு துண்டு எப்போதும் இருக்கும். அதில் ஒரு வாஷர் வெட்டி, கப்பெயின் தோள் போல்ட்டைக் கழற்றி, மூடிக்குள் தெரியாதபடி சொருகினேன். புழுக்கத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கையைத் தூக்கி இறக்கிப் பார்த்தேன். சத்தம்? துளி இல்லை. அந்த நிமிஷம்தான் வெளியே உஷா மிஸ்ஸின் காலடிச் சத்தம்; நான் மேசைக்கு அடியில் புகுந்தேன்.

14 பிப்ரவரி

கேரலுக்கு ரோஜா வாங்கிக் கொடுத்தேன். "என்ன தப்பு பண்ணின?" என்றாள். இருபது வருஷக் குடும்பம், சும்மாவா.

ஏன் செய்தேன்? முழங்கால் போனதும், நவம்பரில் கம்பெனி என்னை ஃபோன் முன்னால் உட்கார வைத்துவிட்டது. "லிஃப்ட் நின்னுடுச்சா மேடம்? உள்ள யாராச்சும் இருக்காங்களா? பதட்டப்படாதீங்க." நாள் முழுக்க இதுதான். போய்ச் சரிசெய்வது வேறு ஆள். மூன்று மாதமாக என் கை ஒரு ஸ்க்ரூவைத் திருகவில்லை. அதுதான் காரணம். அல்லது அதைக் காரணமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

இன்னொன்று: ரோபோவில் எதை மாற்றினாலும், யார், எப்போது, ஏன் என்று ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஜட்ஜ் அதைத்தான் முதலில் படிப்பார்களாம். என் வாஷர் எந்த நோட்டிலும் இல்லை. இதில் மட்டும்.

20 பிப்ரவரி

லீனா ஜட்ஜ்களிடம் பேசப் போவதைக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தாள். நான் குறுக்கே புகுந்து, மீசை டையோடு சந்திரசேகரன் ஜட்ஜாக வந்தால் எப்படி என்று நடித்துக் காட்டினேன். கட்டிலில் விழுந்து சிரித்தாள். "போதும் டாடி, நீ போ, எனக்கு வயிறு வலிக்குது!"

இதைத் தேதியோடு எழுதி வைக்கிறேன்.

22 பிப்ரவரி, சனி

எழுத வேண்டாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

ஒரு இன்ஜினியரிங் காலேஜ் ஹால். முதல் இரண்டு ஆட்டமும் கப்பெ பிரமாதம். மூன்றாவதில் ஆரஞ்சுப் பந்தைப் பிடித்தது, கையைத் தூக்கியது, பாதியில் நின்றுவிட்டது. ஓடி ஓடிச் சூடேறி, என் வாஷர் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. பந்து விழவும் இல்லை, ஏறவும் இல்லை. ஒரு நிமிஷத்துக்கு மேல் மிச்சம் இருந்தது. லீனா ரிமோட்டை அழுத்திக்கொண்டே இருந்தாள். ஹாலில் இருந்தவர்கள் ஆரம்பத்தில் "கமான் கப்பெ!" என்று கத்தினார்கள். அப்புறம் கத்தவில்லை.

ஆட்டம் முடிந்ததும் ஜட்ஜ் தோளைத் திறக்கச் சொன்னார். நான் தடுப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கம், பத்தடி தள்ளி. நீல வாஷர் லீனாவின் உள்ளங்கையில் விழுந்தது. ஜட்ஜ் நோட்டைப் புரட்டினார். "இது இதுல எங்க இருக்கு? யார் போட்டது?"

அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? இதே நீல வாஷர்களைத்தானே சின்ன வயதில் பொம்மைகளுக்குச் சாப்பாட்டுத் தட்டாக வைத்து விளையாடினாள். ஓரத்தைக் கொஞ்சம் சாய்த்து வெட்டுவது என் கை வழக்கம். அதை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு திரும்பி என்னைத் தேடினாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கோமாளி முகம் போட்டேன். கண்ணை உருட்டி, உதட்டைப் பிதுக்கி. இருபது வருஷம் கோயில் கிறிஸ்துமஸ் நாடகத்தில் போட்ட முகம். வேண்டுமென்று இல்லை. மாட்டிக்கொண்டால் என் முகம் தானாக அப்படிப் போய்விடுகிறது. ஐயோ.

"தெரியாதுன்னு சொல்லு லீனா" என்றான் தருண், மெதுவாக.

"தெரியும்டா." ஜட்ஜைப் பார்த்து, "எங்க டாடி போட்டது சார். நாங்க எழுதல, ஏன்னா எங்களுக்குத் தெரியாது."

வெளியாள் கை பட்டதால் பரிசுப் பட்டியலிலிருந்து நீக்கம். அறிவிக்கும்போது டீம் பெயரை ஒழுங்காக, மரியாதையாக உச்சரித்தார்கள். அதுதான் தாங்கவில்லை.

23 பிப்ரவரி

வீடே நடுவில் நின்றுபோன லிஃப்ட் மாதிரி இருக்கிறது. உள்ளே மூன்று பேர்.

25 பிப்ரவரி

லீனா என்னோடு பேசாமல் இல்லை. பேசுகிறாள். "டாடி, உங்க சாவி மேசை மேல இருக்கு." "டாடி, நீங்க சாப்பிட்டாச்சா?" ஃபோனில் நான் கஸ்டமரிடம் பேசுகிற மரியாதை.

தருண் அவளோடு பேசுவதில்லை. தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாயிண்ட் மட்டும்தான் குறைந்திருக்கும், டீம் தப்பித்திருக்கும் என்று அவன் கணக்கு. பையன் சொல்வது சரியாகக்கூட இருக்கலாம்.

கேரல் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்: "கை சும்மா இருக்கு, கை சும்மா இருக்குன்னு பொலம்பினியே. பாத்ரூம் கொழாய் தீபாவளிலேந்து ஒழுகுது. அதத் தொட்டியா நீ?"

தொடவில்லை.

ஆனால் ஒன்று சொல்லிக்கொள்கிறேன், இங்கே மட்டும். விதிப்படி தப்பு. அப்பனாகவும் தப்பு. மெக்கானிக்காகத் தப்பில்லை. தோள் ஆடியது நிஜம், டக் டக் நிஜம். நோயைச் சரியாகத்தான் கண்டுபிடித்தேன், மருந்துதான் கொஞ்சம் தடித்துவிட்டது.

1 மார்ச், சனி

ஜீவனஹள்ளிக்கு அவள் தனியாகப் போனாள். நான் பின்னாலேயே போனேன், அவளுக்குத் தெரியாமல். பள்ளி கேட்டுக்கு வெளியே கடலை வண்டிக்குப் பின்னால் நின்றேன். ஐம்பத்திரண்டு வயது ஆள் கடலை வண்டிக்குப் பின்னால் ஒளிந்து நின்றால் ஊர் என்ன நினைக்கும்? ஊர் ஒன்றும் நினைக்கவில்லை. வண்டிக்காரர் இரண்டு பொட்டலம் கட்டிக் கையில் திணித்துவிட்டார்.

வெயிலில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். லீனா நின்றுகொண்டிருந்தாள். கையில் கப்பெ இல்லை. அதிலேயே அவர்களுக்குப் பாதி புரிந்துவிட்டது.

"கப்பெ தோத்துடுச்சாக்கா?" ரெட்டைச் சடை, முன்வரிசை. அதுதான் பாஞ்சாலியாக இருக்க வேண்டும்.

"கப்பெ தோக்கலம்மா. ஒரு ரூல்ஸ மீறிட்டோம்."

"யாருக்கா மீறுனது?"

இப்போது சொல்வாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"நாங்கதான்" என்றாள் லீனா.

ஜட்ஜிடம் என்னைக் காட்டிக் கொடுத்தவள், இந்தக் குழந்தைகளிடம் காட்டிக் கொடுக்கவில்லை. எனக்கு முன்னதே மேல் என்று பட்டது.

பாஞ்சாலி எழுந்து வகுப்புக்குள் ஓடியது. திரும்பி வந்தபோது கையெல்லாம் கரும்பலகையை அழித்த சாக்பீஸ் பொடி.

கடலை அப்படியே சட்டைப் பையில் இருக்கிறது.

5 மார்ச், சாம்பல் புதன்

பூசை முடிந்து வரும் வழியில், நெற்றியில் சாம்பலோடு, இப்போதாவது என்று தொடங்கினேன். "லீனா, டாடி உன்கிட்ட சாரி சொல்லணும்மா. அன்னிக்கி நான் பண்ணினது தப்பு." இது வரை நன்றாகத்தான் போனது. அடுத்த வாக்கியத்தில் ஜட்ஜ் போல மூக்கால் பேசினேன். ஏன்? ஏன்டா டென்சில்? அதற்கடுத்த வாக்கியம்: "ஆனா அந்த டக் டக் சத்தம் நிஜம்மா, உனக்குக் கேக்கல அவ்ளோதான்."

லீனா நின்றாள். "மொதல்ல சாரிய முடிங்க டாடி."

முடிக்கவில்லை. ஆட்டோ வந்துவிட்டது.

9 மார்ச்

பாத்ரூம் குழாயைச் சரிசெய்தேன். யாரும் கவனிக்கவில்லை.

12 மார்ச்

கேரல் சொல்லித்தான் தெரியும். கப்பெயைக் கழற்றப் போகிறார்களாம். மோட்டார், சக்கரம், பேட்டரி, ரிமோட் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு, எப்படித் திரும்பச் சேர்ப்பது என்று படம் வரைந்து, ஜீவனஹள்ளிப் பள்ளிக்குக் கொடுக்கிறார்கள். கொடுத்த வாக்கு. அப்புறம் இவர்களுக்கு ரோபோ கிடையாது. அடுத்த வருஷம் டீமும் கிடையாது. லீனா உஷா மிஸ்ஸிடம், பத்தாங்கிளாஸ் வருது மிஸ், படிக்கணும் என்று சொல்லிவிட்டாளாம். என் மகள் ஒரு நாளும் படிப்பைச் சாக்குச் சொன்னதில்லை.

"யோசனை யாரோடது?" என்று கேட்டேன்.

"யாரோடதா இருக்கும்?" என்றாள் கேரல்.

15 மார்ச், சனி

பெட்டிகளை ஏற்றிப்போக எங்கள் ஆம்னி வேன் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். என்னை அல்ல, ஆம்னியை.

லாபுக்குள் நுழைந்ததும் சுப்ரியா இரண்டு டம்ளரைக் கொண்டுவந்தாள். இன்றுமா? இன்றும். விளிம்புவரை தண்ணீர். வாங்கிக்கொண்டு சுவரோரம் நின்றேன். உள்ளே அடுப்பு மாதிரி இருந்தது. தருண் வந்திருந்தான். லீனாவோடு பேசவில்லை, ஆனால் அவள் கை நீட்டும்போதெல்லாம் சரியான ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தான். லீனா தோள் போல்ட்டைக் கழற்றினாள், கையைத் தனியே எடுத்தாள், பேப்பரில் சுற்றினாள். கழற்றிய ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதினாள். என்ன, யார், எப்போது, ஏன். 'ஏன்' என்ற இடத்தில் ஒவ்வொரு வரியிலும் ஒரே பதில்: பாஞ்சாலிக்கு. ஏழு பெட்டி ஆனது. டேப் ஒட்டி மூடிவிட்டார்கள்.

அப்போது சொன்னேன். இரண்டு கையிலும் டம்ளர் இருந்ததாலோ என்னவோ, நடிக்க வரவில்லை. "லீனா. தருண். சுப்ரியா. நான் தொட்டிருக்கக் கூடாது. மன்னிச்சுடுங்க." அத்தோடு நிறுத்தினேன். 'ஆனா' போடவில்லை. நாக்கு நுனியில் இருந்தது, விழுங்கிவிட்டேன்.

தருண் தலையை ஆட்டினான். லீனா என்னைப் பார்த்தாள். "சரி டாடி. அப்படியே நில்லுங்க, தண்ணி சிந்துது."

நின்றேன். எல்லாம் போகட்டும், என் காது இருக்கிறது என்று மனசுக்குள் ஒரு மூலையில் நினைத்துக்கொண்டேன். அது ஒன்றைத்தான் யாரும் என்னிடமிருந்து எடுக்கவில்லை.

உஷா மிஸ் உள்ளே வந்து, "என்னா சூடு, பிள்ளைங்களா!" என்று சுவிட்சைப் போட்டார்.

டக்... டக்... டக்.

கப்பெ ஏழு பெட்டிக்குள் இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். ஃபேன்.