எது போரும், அம்மா?

என் செல்ல அம்மாவுக்கு,

உன் மூக்குக்கண்ணாடி இன்னும் நம் கரமனை வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். சிரிக்காதே. நேற்று நான் ஒரு பொம்மையைக் கொன்றுவிட்டேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவு நர்ஸ்களுக்கும் டாக்டர்களுக்கும் சேர்த்துப் பயிற்சி. உயிர் ஊசலாடும் நிலையில் ஒரு குழந்தை வந்தால் எல்லோரும் சேர்ந்து எப்படிக் காப்பாற்றுவது என்று பொம்மையை வைத்துப் பழக்குகிறார்கள். அது அழும், மூச்சு விடும், நீலம் பாரிக்கும். வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றிப்போன குழந்தை என்று வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். கூட வேலை பார்க்கும் மலையாளிப் பெண் ஷைனி சிரிஞ்சால் மருந்துநீர் ஏற்ற வேண்டும். நான் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டு, அதிகமானால் நிறுத்தச் சொல்ல வேண்டும்.

நீர் அதிகமாகி நெஞ்சில் கரகரப்பு கேட்டது. பதற்றத்தில் எனக்கு, இங்கே ஆஸ்பத்திரியில் பேசும் மலையாளம் வரவில்லை. போதும் என்பதற்கு நம் தெருவில் சொல்வோமே, அதுதான் வந்தது. "போரும்! போரும்!" என்று கத்தினேன். ஷைனி அடுத்த சிரிஞ்சையும் வேகமாகத் தள்ளினாள். பொம்மை நீலமாகிவிட்டது.

"சேச்சி, 'போரா'ன்னல்லே பறஞ்ஞது? போரான்னா எங்க பாஷையில போதாது, இன்னும் வேணும்னல்லே!" என்று அவள் அழுதுவிட்டாள். யார்மேல் கோபப்படுவது என்றே எனக்குத் தெரியவில்லை.

பயிற்சி தந்த டாக்டர் திட்டவில்லை. காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்ல வேண்டும், ஷைனி ஒரு தடவை "நிறுத்தட்டுமா?" என்று கேட்டிருந்தால் போதும் என்றார். எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். நான் பொம்மை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

நீயும் அதே வார்த்தையைத்தானே சொன்னாய். டயாலிசிஸுக்குக் கிளம்பும் காலை, கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். "போரும்டி ராஜி" என்றாய். கிண்ணத்தைக் கீழே வைத்து, வாயைத் துடைத்து, உன்னை ஆட்டோவில் ஏற்றினேன். அதற்குப் பிறகும் நாலு தடவை ஏற்றினேன். ஐந்தாவது தடவைக்கு நீ இல்லை.

எது போரும், அம்மா? கஞ்சியா, அந்த மெஷினா? கஞ்சிதான் என்று நேற்றுவரை நினைத்திருந்தேன். ஆனால் அப்போது நீ கிண்ணத்தைப் பார்க்கவில்லை, வாசலில் நின்ற ஆட்டோவைப் பார்த்தாய் என்று இப்போது ஞாபகம் வருகிறது. அது நிஜமா, நானாகச் சேர்த்துக்கொண்டதா? நானும் இன்னொரு சிரிஞ்சைத் தள்ளிக்கொண்டே இருந்தேனா? குழப்பமாக இருக்கிறது அம்மா, பயமாகவும் இருக்கிறது.

பட்டனை அழுத்தினால் பொம்மைக்கு மறுபடி உயிர் வந்துவிடுகிறது. நாளை அதே பொம்மை, அதே ஷைனி. இரண்டு பேருக்கும் புரிகிற மாதிரி "நிறுத்து" என்று சொல்வேன். இனி யார் என்ன சொன்னாலும், எனக்குப் புரிந்துவிட்டது என்று தோன்றினாலும், ஒரு தடவை திருப்பிக் கேட்பேன். இது உன்மேல் சத்தியம்.

அன்றைக்குத் திருப்பிக் கேட்காத,
உன் பெண் ராஜி