பொய்யனுக்குப் பெயர் வைத்தது யார்?

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

இங்கே நலம். நீயும் நலம்தான் என்று உன் தம்பி சொன்னான். போனில் பேசினால் எனக்குக் குரல் ஏறிவிடும், அதனால்தான் எழுதுகிறேன்.

பட்டறையில் வேலைக்குக் குறைவில்லை. ஒரு பள்ளிக்கூடத்து கேட் முழுக்க வெல்டிங். நம் மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. விசில் நன்றாக வருகிறது என்று பெருமையடித்துக்கொண்டு திரிகிறாள். சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் போனில் என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் யாரிடமோ, "பொய்யனை நான் பாத்துக்கறேன், நீங்க கிளம்புங்க. என்கிட்ட மட்டுந்தான் அவன் ஒழுங்கா நடந்துப்பான்" என்று சொல்லிச் சிரித்தாய். என்னிடம் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று! எனக்கு வயிறு எரிந்தது. பட்டென்று வைத்துவிட்டேன். அப்புறம் நீ கூப்பிட்டபோதெல்லாம் எடுக்கவில்லை. உன் அம்மாவிடம் புலம்பினேன். உன் தம்பியிடம் சண்டைக்கே போய்விட்டேன்.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "மாமா, பொய்யன் ஆளில்ல. அக்கா லேப்ல ஒரு கெமிக்கலுக்கு வச்ச பட்டப்பேரு" என்றான். உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஆக்ஸிஜன் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஒரு காவல்காரன் உண்டாம். உன் பொய்யன் போய் அவன் கையைக் கட்டிப்போடுவானாம். நான் நாள் முழுக்க ஆக்ஸிஜன் சிலிண்டரோடு கிடப்பவன், சட்டென்று பிடிபட்டது. சிலிண்டர் நிறைய இருக்கிறது, மீட்டர் முள் மட்டும் பூஜ்யத்தில் மாட்டிக்கொண்டது. சுற்றிலும் காற்று இருந்தும் மூச்சு முட்டுவதாக நம்பி, அந்தச் செல் சர்க்கரையை வாரித் தின்னுமாம். புது ரத்தக் குழாய் வேண்டுமென்று அக்கம்பக்கமெல்லாம் ஆளனுப்பிக் கூப்பாடு போடுமாம்.

கேட்டதும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்ச நேரம்தான். ஒரு கெமிக்கலுக்குப் பட்டப்பேர் வைக்கிற அளவுக்கு உன்னோடு உட்கார்ந்து சிரித்தது யார்? அந்த 'நீங்க' யார்? தம்பிக்குத் தெரியவில்லையாம். தெரிந்தும் சொல்லவில்லையோ என்னவோ. பார், எனக்கு இன்னும் தெளியவில்லை.

அந்த லேபிலேயே இன்னும் ஒரு வருடம் இருக்கச் சொல்கிறார்கள், என்ன சொல்லட்டும் என்று அன்றைக்கு நீ கேட்டாய். உன் இஷ்டம் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தேன். நான் மனதாரச் சொல்லும்வரை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் நீ காத்திருப்பதாகத் தம்பி சொன்னான். அன்று சொன்னது கோபம், பதிலில்லை. கையெழுத்துப் போடு. இவ்வளவு தூரம் படித்து வந்ததை என் வயிற்றெரிச்சலுக்காக விட்டுவிடாதே.

பொய்யனைக் கழுவி எடுத்துவிட்டால் செல் மறுபடி காற்றை உணர்ந்துகொள்ளுமாம். அதற்கு எவ்வளவு நேரமாகும் என்று தம்பியிடம் கேட்டேன். "அக்காவத்தான் கேக்கணும் மாமா" என்றான்.

அதனால் உன்னையே கேட்கிறேன். போன் பண்ணு, எடுப்பேன். எவ்வளவு நேரமாகும் என்று சொல். சொல்லும்போது அன்றைக்குச் சிரித்தாயே, அப்படி ஒரு தடவை சிரி.

நீ எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்கும்,
உன் வெல்டர்