திரும்பி வந்த மூட்டை

கல்முனைக்குடி
05.11.2023

அன்புள்ள ராத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

போனில் கதைத்தால் பாதியிலேயே "வேணாம்" என்பீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். கொழும்புக் கொம்பனி ஒன்று தன் பெயர் போட்ட பெக்கட்டில் நமது மிளகாய்த்தூளை அடைத்துத் தரச் சொல்கிறது. மெஷின் வாரத்தில் மூன்று நாள் சும்மா கிடக்கிறது. "சல்மா தூள்" அப்படியே இருக்கும், அதில் கை வைக்க மாட்டேன். ஓம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

உங்கள் தம்பி,
மிஹ்லார்


அக்குறணை
16.11.2023

அன்புத் தம்பிக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம்.

எனக்கு இஷ்டமில்லைதான். குசினியில் வறுத்து, கடை கடையாக நானே கொண்டுபோய்க் கொடுத்து எடுத்த பெயர் அது. ஊரான் பெக்கட்டை நிரப்பினால் நாளைக்கு அவன் வேறு ஆளைப் பிடிப்பான், நமக்கு என்ன மிஞ்சும்? ஆனால் என்னைக் கட்டின மாப்பிள்ளையின் கடைக்காக நான் இங்கே வந்த பிறகு வேலை முழுக்க உன் தலையில். செய். பெயரை மட்டும் பார்த்துக்கொள்.

ராத்தா,
சல்மா


அக்குறணை
22.05.2024

தம்பி,

போன வாரம் இங்குள்ள பெரிய கடையில் அந்தக் கொம்பனிப் பெக்கட் ஒன்று வாங்கினேன். மீன் ஆணம் கொதிக்கும்போதே தெரிந்தது, நமது வறுவல். மனம் நிறைந்துபோனது.

முந்தாநாள் மச்சி பஸ்லியா ஊரிலிருந்து "சல்மா தூள்" பத்துப் பெக்கட் கொண்டுவந்தா. பெருமையில் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்தேன். பிறகுதான் ஒன்றைப் பிரித்தேன். நனைந்த சாக்கு மணம். அடுத்த வீட்டு உம்மு இன்றைக்கு, "தூள் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பாராமல் போனா. நிலம் பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

ஒரே மெஷின், ஒரே ஆள். ஏன் இப்படி?

சல்மா


கல்முனைக்குடி
30.05.2024

ராத்தா,

கடிதம் கிடைத்த நாளிலிருந்து உங்கள் போனை எடுக்கவில்லை. வெட்கம்.

பெக்கட்டில் அடைக்கும் முன் கொம்பனி ஒவ்வொரு மூட்டையையும் எடுப்பித்துச் சோதிக்கும். ஜனவரி மழையில் ஈரம் பட்ட மிளகாயை அரைத்து அனுப்பினேன், மணம் சரியில்லை என்று திருப்பிவிட்டார்கள். எறிய மனமில்லாமல் உங்கள் பெக்கட்டில் அடைத்தேன். நமது தூளை யாரும் சோதிப்பதில்லை, நம்பி வாங்குகிறார்கள். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. நல்லது அவர்களுக்கு, திரும்பியது நமக்கு.

பாண்டிருப்பில் கடை வைத்திருக்கும் கந்தப்போடி அண்ணன் ஒருநாள், "உங்கட ராத்தா இப்ப ஊரில இல்லையோ தம்பி?" என்று மட்டும் கேட்டார். "ஓம்" என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டு வந்தேன்.

இன்னும் ஒன்பது மூட்டை கிடக்கிறது. என்ன செய்ய?

மிஹ்லார்


அக்குறணை
08.06.2024

மிஹ்லார்,

கொம்பனிக்குப் பயந்தாய். என் பெயருக்குப் பயப்படவில்லை.

என் பெயரை எடுத்துவிடு. அந்த மூட்டைகளை விற்கத்தான் வேண்டுமென்றால் உன் பெயரைப் போட்டு விற்றுக்கொள்.

சல்மா


கல்முனைக்குடி
25.06.2024

ராத்தா,

பெருநாளுக்கும் உங்களோடு கதைக்க முகமில்லை.

கோபத்தில் நீங்கள் சொன்னபடியே செய்தேன். "மிஹ்லார் தூள்" என்று லேபல் அடித்தேன். முதல் மூட்டையை அவிழ்த்து, என் பெயர் போட்ட பெக்கட்டைக் கையில் பிடித்தேன். அள்ள முடியவில்லை. கந்தப்போடி அண்ணன் அதை வாசித்துவிட்டு என்னைப் பார்ப்பாரே என்று கை கூசியது.

ஒன்பது மூட்டையையும் குழி வெட்டிப் புதைத்துவிட்டேன். அது பெரிய காரியமில்லை. உங்கள் பெயர் போட்ட பெக்கட்டில் ஐந்து மாதம் அள்ளினேன். ஒருநாளும் இந்தக் கை கூசவில்லை, ராத்தா.

மிஹ்லார்