காலியிடம் நிரம்பிவிட்டது

அன்புள்ள சிட்டு,

அம்மா எழுதுகிறேன். நலம் என்று ஆரம்பிக்காவிட்டால் கடிதம் நகராது, அதனால் இங்கே எல்லோரும் நலம் என்றே வைத்துக்கொள். எனக்குக் கால் வீக்கம் அப்படியேதான் இருக்கிறது, அப்பாவுக்குச் சளி விட்டுவிட்டது, கோபம்தான் விடவில்லை. நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு இளைத்துவிட்டாய் என்று உன் மாமா புலம்பினான். போன் இருக்கும்போது இவள் ஏன் கூரியரில் கடிதம் அனுப்புகிறாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ அழுவாய், உன் அழுகையைக் கேட்டால் நான் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிடுவேன்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆஸ்பத்திரி பில் கவுண்டரில் காலியாக இருந்த இடத்துக்கு ஆள் எடுத்தாகிவிட்டது. எட்டு மாதமாக வேலை தேடி அலுத்துவிட்டது, வியாழக்கிழமை அந்தக் கம்பெனியின் இரண்டாவது ரவுண்டு இன்டர்வியூவுக்கும் போகப்போவதில்லை, அந்த சீட்டை எனக்குப் பிடித்து வையம்மா, வந்து உன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறேன் என்று நீ சொன்னாய். நான் பிடித்து வைக்கவில்லை. இது தெரிந்ததிலிருந்து அப்பா எனக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவர் உன் அறையை ஒட்டடை அடித்து, கட்டில் காலுக்கு அட்டை வைத்து ஆட்டத்தை நிறுத்தி, ஜன்னலுக்குப் புதுத் திரை வேறு போட்டு வைத்திருக்கிறார். "பெத்த பொண்ணுக்கு ஒரு வார்த்தை சொல்லத் துப்பில்ல, இவ சூப்பர்வைசராம்" என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறார். சுவரும் கேட்டுக்கொள்கிறது, நானும் கேட்டுக்கொள்கிறேன்.

நீயும் திட்டு, ஆனால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு. ஆள் எடுக்க மேனேஜர், கணக்கர், நான் என்று மூன்று பேர் உட்கார்ந்தோம். மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருவது எனக்கு இதுதான் முதல் தடவை. மத்தியானம் தாண்டியும் பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள், பாதிப் பேருக்கு உன் வயசு, இஸ்திரி கலையாத சட்டை, கையில் பிளாஸ்டிக் ஃபைல். ஒவ்வொருவரும் கதவைத் திறக்கும்போது நீதான் வருகிறாயோ என்று நிமிர்ந்து பார்த்தேன். உள்ளே இருப்பவர்கள் உன்னைக் கழித்துக்கட்டவே காத்திருப்பதாக நீ பயப்படுகிறாயே, நாங்கள் இடுப்பு வலியோடும் பசியோடும் சரியான ஆள் ஒன்று வந்து தொலையாதா என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு பெண், நல்ல பெண், எதைக் கேட்டாலும் "எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன் மேடம்" என்றாள். பாவமாகத்தான் இருந்தது, ஆனால் அவளை எங்கே உட்கார வைப்பது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. நீயும் இதைத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறாய் என்று எனக்குத் தெரியும். இனிமேல் சொல்லாதே. கணக்கு வரும், கத்துகிறவரிடம் நிதானமாகப் பேச வரும் என்று உனக்கு வருகிற இரண்டைச் சொல், விடுதியில் தண்ணீர் வராத நாளில் வார்டனையும் பெண்களையும் நீ சமாளித்த கதையைச் சொல். இன்னொரு பையனின் பயோடேட்டாவைப் படித்தால் பெரிய ஆபீசரே தோற்றுப்போவார். அதில் இருந்த பழைய முதலாளி நம்பருக்குக் கணக்கர் போன் அடித்தார், பையன் பேரைச் சொன்னதும் அந்த முதலாளி "யாரு?" என்றார், அத்தோடு முடிந்தது. நீ உன் மாமா நம்பரைக் கொடுத்திருக்கிறாயே, புண்ணியமாகப் போகும், அதை எடுத்துவிடு. அவனிடம் கேட்டால் "எங்க பொண்ணு தங்கம் சார், காலையில எழுப்புறதுதான் கொஞ்சம் கஷ்டம்" என்பான். நீ பயிற்சிக்குப் போன இடத்து மேடம் நம்பரைப் போடு, அவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடு.

நாங்கள் எடுத்தது முப்பது தாண்டிய ஒருத்தியை. நடுவில் இரண்டு வருஷம் ஏன் வேலை இல்லை என்று மேனேஜர் கேட்டார். "அம்மா படுத்த படுக்கையா இருந்தாங்க சார், பார்த்துக்கிட்டேன், இப்ப அவங்க இல்ல" என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள். மூக்கைச் சிந்தவும் இல்லை, நீட்டி முழக்கவும் இல்லை. உன் எட்டு மாதத்தைக் கேட்டாலும் நீ தரையைப் பார்க்காமல், தேடிக்கொண்டிருந்தேன், கூடவே கம்ப்யூட்டர் கணக்கு படித்தேன் என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள். பிறகு, நீங்கள் ஏதாவது கேட்கணுமா என்றதற்கு அவள், "வெளிய உட்கார்ந்து பார்த்தேன், பணம் கட்ட நின்னவங்களே ரசீதுக்குத் திரும்ப அதே வரிசையில நிக்கிறாங்களே, ஏன்?" என்றாள். மேனேஜர் என்னைப் பார்த்தார், நான் ஃபேனைப் பார்த்தேன். நீயும் போகிற இடத்தைக் கண்ணைத் திறந்து பார்த்து ஒரு கேள்வி வைத்துக்கொள். சம்பளத்தையும் கேள், ஆனால் அதைக் கடைசியில் கேள். வேலை கிடைத்தால் முதல் வருஷமே தெரியாததையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள், இரண்டாம் வருஷம் கேட்டால் முறைப்பார்கள்.

எனக்கு அசதியாக இருக்கிறது, சிட்டு. நாளெல்லாம் அந்தக் கண்ணாடி ஓட்டை வழியாக மற்றவர்கள் கோபத்தை வாங்கிப் போட்டுக்கொண்டு, சாயங்காலம் பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்குகிறேன். நீ பக்கத்தில் இருந்தால் ஒரே டப்பாவில் சாப்பிடலாம், பஸ்ஸில் உன் தோளில் சாயலாம் என்று எனக்கு ஆசை இல்லாமல் இல்லை, நிறைய இருக்கிறது. அப்பாவிடம் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன், உன்னோடு இருக்கட்டும். அன்றைக்கு வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு மேனேஜர், "உங்க பொண்ணு வீட்டுக்கே வர்றாளாமே, அவளையே போட்டுடலாம், யாரு கேக்கப்போறா" என்றார். நான் தலையை ஆட்டியிருந்தால் போதும். ஆட்டத்தான் பார்த்தேன். இங்கே வந்தால் நீ நன்றாகத்தான் இருப்பாய், ஆனால் அந்த வியாழக்கிழமைக்குப் பயந்து ஓடிவந்தோம் என்பது உனக்குள்ளேயே கிடக்கும், என் பக்கத்தில் உட்கார்ந்தால் அது போகாது. "அவ வர மாட்டா சார், வியாழக்கிழமை அவளுக்கு ரெண்டாவது ரவுண்டு இருக்கு" என்று சொல்லிவிட்டு, பாத்ரூமுக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தேன்.

போய்ப் பார்த்துக் கிடைக்காவிட்டால் தாராளமாக வந்துவிடு, நானும் அப்பாவும் ஸ்டேஷனுக்கே வருகிறோம், ஒரு கேள்வி கேட்க மாட்டோம். போகாமல் மட்டும் வராதே. எடுத்த காரியம் உனக்குக் கைகூடட்டும், எங்கே இருந்தாலும் நன்றாக இரு. புதன்கிழமையே சட்டையை எடுத்து வை, வெறும் வயிற்றோடு கிளம்பாதே. நீ போவாய் என்று சொல்லிவிட்டேன், என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே, கண்ணு.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா