சூசை அண்ணரின் புள்ளடி

ஏப்ரல் 24, வியாழன்

வெயில். காற்று இல்லை. தண்ணீர்ப் பவுசர் இன்றைக்கும் வரவில்லை. சந்திக் குழாயில் நான்கு குடம், நான்கு நடை. வலது முழங்கால் வீக்கம். இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுத்து முடிய ஏழரை.

தண்ணீர்க் குழாய் சந்தியோடு நின்றுவிட்டது. எங்கள் ஒழுங்கைக்கு அதை நீட்டச் சொல்லி எத்தனை மனு எழுதினேன் என்று எனக்கே நினைவில்லை. இப்போது தம்பி யூட் பிரதேச சபைக்கு நிற்கிறான். ஏணிச் சின்னம். "அக்கா, நான் வெண்டால் முதல் வேலை உங்கட ஒழுங்கைக்குத் தண்ணிதான்" என்கிறான். சின்ன வயதிலிருந்து அவன் வாக்குக் கொடுத்து நான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் ஏணி வெல்ல வேணும். அவனுக்காக இல்லை, என் முழங்காலுக்காக.

பின்னேரம் பக்கத்து வீட்டுச் சூசை அண்ணர் மதிலோரம் நின்று கூப்பிட்டார். கடலுக்குப் போனவர், சீனி வருத்தத்தில் இரண்டு கண்ணும் போய் ஆறு வருடம்.

"ரீட்டாப் பிள்ளை, இந்த முறை வோட்டுப் போட என்னோட வருவியோ?"

போன முறை மருமகன் முறையான ஒருவன் கூட்டிக்கொண்டு போனானாம். யாருக்குப் போட்டாய் என்று கேட்டதற்கு, "நல்ல ஆளுக்குத்தான் போட்டனான்" என்றானாம்.

"அண்ணை, தம்பி நிக்கிறான், தெரியுந்தானே?"

"தெரியும். உன்ர தம்பியை நான் கேக்கேல்லை. உன்ர கண்ணைத்தான் கேக்கிறன்."

ஓம் என்றுவிட்டேன். எனக்கு வாய்த்த வாய் அப்படி.

ஏப்ரல் 28, திங்கள்

செய்ய:
– சூ. அண்ணரின் படிவம் (விதானையார், பிறகு ஆஸ்பத்திரி)
– சிவப்பரிசி மா
– எண்ணெய், காலுக்கு
– மாதா வணக்கமாதம் தொடங்குகிறது, செபமாலை எங்கள் வீட்டில் எந்த நாள் என்று கேட்க

கிராம அலுவலர், எங்கள் விதானையார், கந்தோரில் ஒன்றரை மணி நேரம். கண் தெரியாதவருடன் துணைக்குப் போகிறவருக்கு ஒரு படிவம். விதானையார் கையெழுத்து வைக்க வேணும், அரசாங்க டொக்டரும் வைக்க வேணும். வேட்பாளரின் அக்கா துணைக்குப் போகலாமோ என்று நானே கேட்டேன். போகக்கூடாது என்று சொன்னால் நல்லது என்றிருந்தது. விதானையார் சிரித்தார். "நிக்கிறது நீங்கள் இல்லைத்தானே, அக்கா? வேட்பாளரோ முகவரோ எண்டால்தான் ஏலாது."

டொக்டர் இன்று இல்லை. புதன் வரட்டாம். தலைமன்னார் பஸ்ஸில் நின்றபடியே திரும்பி வந்தேன்.

ஏப்ரல் 30, புதன்

டொக்டர் கையெழுத்து கிடைத்தது. படிவத்தைச் சூ. அண்ணரின் கையில் கொடுத்தேன். தடவிப் பார்த்துவிட்டுப் பைபிளுக்குள் வைத்தார்.

அவர் போடப்போவது குடைக்கு. ஒளிக்கவில்லை. குடையில் நிற்பவர் ஓய்வுபெற்ற மாஸ்ரர் ஒருவர். நல்ல மனிதர்தான், ஆனால் எங்கள் ஒழுங்கைப் பக்கம் தண்ணீர் என்று ஒரு சொல் சொன்னதில்லை. ஏன் அவருக்கு என்று கேட்டேன்.

"அவர் ஒராள்தான் என்னைக் கண்டால் இப்பவும் 'சூசை, கடல் எப்பிடி?' எண்டு கேக்கிறவர். மற்றவையெல்லாம் 'சுகர் எப்பிடி?' எண்டுதான்."

எனக்குக் கோபம் வந்தது. இதற்கெல்லாமா ஒரு வாக்கு? பிறகு யோசித்தால் நானும் சுகர் எப்படி என்றுதான் கேட்கிறேன்.

மே 4, ஞாயிறு

சோளகக் காற்று தொடங்கிவிட்டது. முற்றமெல்லாம் மணல். பூசை முடிய ஒழுங்கையில் ஆறு வீட்டுக்குப் போய் வாக்காளர் அட்டை வாசித்துச் சொன்னேன். பள்ளிக்கூடம், ஏழு மணி தொடக்கம் நான்கு மணி வரை, அடையாள அட்டை மறக்கக் கூடாது. எல்லா வீட்டிலும் தேத்தண்ணி. எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி, "உங்கட தம்பி வெண்டால் தண்ணி வருமோ?" வரும் என்றேன். சொல்லிச் சொல்லி எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

மே 5, திங்கள்

பவுசர் இல்லை. ஐந்து நடை. ஐந்தாவதில் சந்தியில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அழுதேன். யாரும் பார்க்கவில்லை. பார்த்தாலும் மணல் என்று சொல்லியிருப்பேன்.

மே 6, செவ்வாய்

பின்னேரம் ஐந்து மணி. எழுதாவிட்டால் மண்டை வெடிக்கும்.

காலை ஆறரைக்கே சூ. அண்ணர் மதிலோரம். வெள்ளைச் சேட்டு. தானே முகம் வழித்திருக்கிறார், கன்னத்தில் இரண்டு இடத்தில் கீறல். என் தோளில் கை வைத்து நடந்தார். பள்ளிக்கூட வரிசையில் எங்களை முன்னால் விட்டார்கள். முதலில் என்னுடையதைப் போட்டேன். ஏணி. பிறகு படிவம், அவருடைய அடையாள அட்டை, விரலில் மை. நானும் அவரும் மறைப்புக்குள்.

"குடை எங்க கிடக்கு?" என்று மெதுவாகக் கேட்டார்.

"மேலயிருந்து மூண்டாவது."

"சரி. வடிவாப் போடு."

ஏணி ஐந்தாவது. பேனை ஐந்தாவதுக்குப் போனது. என் கை தானாகப் போனது என்று எழுதலாம். அது பொய். முழங்கால் வலித்துக்கொண்டிருந்தது, நேற்றைய ஐந்து நடை நினைவில் இருந்தது, இவருக்குத் தெரியவா போகிறது என்று நினைத்தேன். ஏணிக்கு நேரே இரண்டு கோடு குறுக்கே கீறிப் புள்ளடி போட்டேன்.

"போட்டாச்சோ?" என்றார்.

அந்தக் குரலில் ஒரு சந்தேகமும் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. குடைக்கு நேரேயும் ஒன்று போட்டேன். போட்ட பிறகுதான் விளங்கியது, இரண்டு புள்ளடி போட்டால் அது ஒன்றுக்கும் உதவாது.

வெளியே சொன்னால் வேறு தாள் தந்திருப்பார்கள். அது எனக்குத் தெரியும். ஆனால் அங்கே யூட்டின் முகவர், மாஸ்ரரின் முகவர், எல்லாரும் இருக்கிறார்கள். சூ. அண்ணரின் கை என் தோளில். என்ன பிழை விட்டனீங்கள் என்று கேட்டால்? வெட்கம். மடித்துக் கொடுத்தேன். பெட்டியின் வாயை விரலால் தேடித் தானே போட்டார். பெட்டியில் இரண்டு தட்டுத் தட்டினார்.

வரும் வழியெல்லாம் கதை. கடல் எந்தப் பக்கம் இரைகிறது, காற்று எவ்வளவு. நான் ஓம் ஓம் என்று வந்தேன்.

மே 7, புதன்

யூட் வென்றுவிட்டான். வெடி, மாலை, மோட்டார் சைக்கிள். என் ஒழுங்கைச் சனமும் போய்க் கைதட்டியது. ஒன்று இரண்டு வாக்கால் இல்லை, நன்றாகவே வென்றிருக்கிறான். அந்த ஒரு புள்ளடி அவனுக்கு வேண்டியே இருக்கவில்லை.

மத்தியானம் சாப்பிட வந்தான். மீன் சொதி, இடியப்பம். பெட்டியைப் பள்ளிக்கூடத்திலேயே எண்ணியபோது பக்கத்தில் நின்றானாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

"ஒரு தாளில ஏணிக்கும் புள்ளடி, குடைக்கும் புள்ளடி, அக்கா! அதைச் செல்லாதெண்டு தூக்கி அங்கால வைச்சாச்சு. எங்கட சனம் எப்பதான் திருந்தும்?"

சொதி இன்னும் விடட்டோ என்று கேட்டேன்.

தண்ணீர் பற்றியும் கேட்டேன். "சபை கூடட்டும் அக்கா. நான் ஒராள் மட்டும் கையுயர்த்தினால் காணாது. மற்ற ஆக்களும் ஒத்துவர வேணும்." இதை முன்னமே சொல்லியிருக்கலாம்.

மே 8, வியாழன்

நான்கு நடை. சூ. அண்ணரின் வாசல் படலைப் பக்கம் போகாமல் சுற்றி வந்தேன். அதனால் இன்னும் தூரம். எனக்கு வேணும்.

மே 10, சனி

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எந்தக் கட்டளையில் சேர்ப்பது? களவு? பொய்? கண் தெரியாதவனை வழிதப்பச் செய்கிறவனுக்குச் சாபம் என்று வேதத்தில் ஒரு இடம் உண்டு. தேடிப் பார்க்கப் பயமாக இருந்தது. எனக்கு முன்னால் நான்கு பேர். இரண்டு பேர் முடிய வெளியே பவுசர் ஹோர்ன் அடித்தது. வரிசையை விட்டுக் குடத்துக்கு ஓடினேன். நிறையத் தண்ணீர் கிடைத்தது. சந்தோஷப்பட்டேன், அதையும் எழுதத்தான் வேண்டும்.

மே 11, ஞாயிறு

காற்று கடுமை. பூசைக்குப் பிறகு சூ. அண்ணர் தடியைத் தட்டிக்கொண்டு தானே என் படலைக்கு வந்துவிட்டார். கதிரை போட்டுக் கொடுத்தேன்.

"எங்க பிள்ளை, நாலைஞ்சு நாளாச் சத்தத்தைக் காணேல்லை?"

"கால் நோ, அண்ணை."

"குடை தோத்துப்போச்சு, என்ன?"

"ஓம் அண்ணை."

"எங்கட பெட்டியில குடைக்கு எத்தினை விழுந்தது? தம்பி சொன்னவனோ?"

"நூற்றிப் பதினாலாம்."

இப்போது சொல்லிவிடு என்று நினைத்தேன். வாயைத் திறந்தும்விட்டேன். அதற்குள் அவர் தொடங்கினார்.

"மாஸ்ரர் நேற்று வந்தவர். தோத்த மனிசன், முகத்தைத் தொங்கப் போட்டிருப்பார்போல, குரலில தெரிஞ்சது. நான் சொன்னன், மாஸ்ரர், உங்களுக்கு விழுந்ததில ஒண்டு என்ரையெண்டு. கண் போனாப்பிறகு நான் ஒண்டிலயும் ஒராளா இல்லை, பிள்ளை. வள்ளத்திலயும் இல்லை, சங்கத்திலயும் இல்லை. இதில இருக்கிறன்."

தேத்தண்ணியைக் கையில் கொடுத்தேன். கோப்பையின் விளிம்பை விரலால் பார்த்துப் பிடித்தார்.

"நூற்றிப் பதினாலில ஒண்டு நான். என்ன?"

"ஓம் அண்ணை," என்றேன். "ஒண்டு நீங்கள்."